கல்லீரல் அவசரப்பட்ட மாதங்கள்

மும்பையின் முலுண்டில் எங்கள் அலுவலகம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொலைபேசி எடுக்கும் வேலை எனக்கு. தமிழ், ஹிந்தி இரண்டு மொழி அழைப்புகளும் என்னிடம் வரும். அன்று காலை கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். மனைவியின் கண் அறுவை சிகிச்சைக்கு இன்னும் அனுமதி வரவில்லை என்றார். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார், பார்த்துச் சொல்றேன்" என்றேன். திரையில் அவருடைய விவரங்கள் வந்தன. வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை.

மறதியாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இது அதுவல்ல. திரையில் இருப்பவை எழுத்துகள் என்று தெரிந்தது, ஆனால் அவற்றைப் படிக்க முடியவில்லை. வயிற்றுக்குள் எதுவோ திரண்டு நெஞ்சை நோக்கி ஏறியது. மூக்கில் ரப்பர் கருகும் வாசனை. காதுக்குள் பெரியவர், "அம்மா, இருக்கீங்களா? ஹலோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பேசுவது தமிழ் என்பதுகூட எனக்கு எட்டவில்லை. பிறகு எல்லாம் திரும்பி வந்தது. "சாரி சார், சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு" என்றேன். என் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

அந்த வாசனையை எனக்குத் தெரியும். தாராவியில் பத்தாம் வகுப்புப் படித்த காலத்தில் எனக்கு வலிப்பு வரத் தொடங்கியபோது, ஒவ்வொரு முறையும் அந்த வாசனைதான் முன்னால் வரும். மாட்டுங்காவில் ஒரு நரம்பியல் மருத்துவர் என்னைப் பார்த்தார். லாமோட்ரிஜின் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார். கல்லூரி முடிவதற்குள் வலிப்பு நின்றுவிட்டது. பிறகு பல வருடங்கள் அந்த வாசனையை நான் முகரவே இல்லை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பல் தேய்ப்பதைப்போல அது ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது.

இப்போது மட்டும் ஏன்? மாத்திரையைத் தவறவிடவில்லை. தூக்கம் கெடவில்லை. வாழ்க்கையில் மாறியது ஒன்றே ஒன்றுதான். நான் கருவுற்றிருப்பது உறுதியாகிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. மாட்டுங்கா மருத்துவரிடம் நேரம் கேட்டிருந்தேன், அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம்தானே என்று நினைத்தேன்.

அப்போது நாங்கள் செம்பூரில், புதிதாகக் கட்டிய குடிசை மாற்றுக் கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் இருந்தோம். நான், என் கணவர், அவருடைய அம்மாவான அத்தை. கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நகரம் முழுக்கக் கட்டடங்களின் குழிகளுக்குள் இறங்கி வேலை செய்பவர். அந்த நேரத்தில் போன் எடுக்க மாட்டார். அத்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில் பள்ளிக்கூடப் பைகள் தைத்து, கணவர் இறந்தபிறகு மகனைத் தனியாக வளர்த்தவர். எனக்கு வலிப்பு உண்டு என்பதை நிச்சயத்துக்கு முன்பே இருவரிடமும் சொல்லியிருந்தேன். "சக்கர இருக்கவ, பிரஷர் இருக்கவல்லாம் குடும்பம் நடத்தலியா? மாத்திரய முழுங்கிட்டு இருந்தாப் போச்சி" என்று அத்தை அன்றே சொல்லி முடித்துவிட்டார்.

ஆனால் வயிற்றில் குழந்தை என்றதும் அந்த மாத்திரையின் மேலேயே அவருக்குப் பயம் வந்துவிட்டது. அன்று மாலை நான் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏ பிள்ள, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. அந்த மாத்திரய ரெண்டுல ஒண்ணாக் கொறச்சா என்ன?"

"டாக்டர் கொறைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அத்த."

"டாக்டருக்கு உன் மேல அக்கற. எனக்கு அந்தப் பிள்ள மேலயும் அக்கற. லேபர் கேம்புல எங்க எதுத்த வீட்டுல ஒருத்தி, உன்னய மாதிரியே வலிப்புக்கு மருந்து சாப்பிட்டவதான். பிள்ள முதுகெலும்பு மூடாமப் பெறந்துச்சு. நான் கையில வாங்கிப் பாத்தவ. அத நெனச்சா எனக்கு இப்பமும் சோறு எறங்காது."

காலித் தம்ளரைக் கழுவி வைத்தேன். அலுவலகத்தில் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கே தெளிவாகவில்லை. மாத்திரையைக் கூட்டச் சொல்வார்களா, இல்லை மாத்திரை போட்டும் வருகிறதே, அப்புறம் எதற்கு மாத்திரை என்பார்களா?

குர்லாவில் அது நடந்தது மருத்துவரைப் பார்க்கச் சில நாட்கள் இருந்தபோது. செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் வந்து, குர்லாவில் இறங்கிப் பாலம் ஏறி, முலுண்ட் பக்கம் போகும் லோகல் ரயிலைப் பிடிப்பது என் தினசரி வழி. காலை நேரத்தில் அந்தப் பாலத்தில் நாம் நடப்பதில்லை, கூட்டம்தான் நம்மைக் கொண்டுபோகும். பாதிப் படியில் ரப்பர் வாசனை வந்தது. ஓரமாகப் போய்விட வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. கம்பியைப் பிடிக்கக் கை நீட்டியது ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது என் தலை யாரோ ஒரு பெண்ணின் மடியில் ஒருக்களித்து இருந்தது. உள்ளங்கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். மூக்கருகே ஒரு செருப்பு. நாக்கைக் கடித்திருந்தேன், வாயெல்லாம் ரத்தச் சுவை. சுற்றிலும் கால்கள். மடியில் வைத்திருந்தவள் பாலத்தில் ஹேர்கிளிப் விற்கும் பெண் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். "ஹட்டோ, ஹவா ஆனே தோ" என்று, காற்று வர வழிவிடச் சொல்லிக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் பேச முயன்றேன். எனக்குத் திரும்பி வந்த முதல் சொல், குழந்தை என்பதற்கான ஹிந்திச் சொல்தான். "பச்சா" என்றேன். வயிற்றைத் தொட்டு மறுபடியும், "பச்சா."

அவள் முகம் மாறியது. "அரே, பேட் ஸே ஹை!" என்று, நான் கர்ப்பமாக இருப்பதைச் சொல்லிக் கத்தினாள். அதற்குப் பிறகு அங்கிருந்த பெண்கள் என்னைத் தூக்கியது, ஸ்ட்ரெச்சர், ஆம்புலன்ஸ் எல்லாம் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

மருத்துவமனையில் வயிற்றின் மேல் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார்கள். ஒரு பெண் மருத்துவர் கருவியை நகர்த்தித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் ஒரு புள்ளி படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. "தேகோ, சல் ரஹா ஹை", பார், துடிக்கிறது என்றார்.

என் கணவர் வந்து சேர்ந்தபோது அவர் கைகளில் இன்னும் கிரீஸ் இருந்தது. கட்டில் பக்கத்தில் நின்றார். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்.

"மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

"உண்மையச் சொல்லு. அம்மா சொல்லிச்சுன்னு கொறச்சிட்டியா? நான் கோவப்பட மாட்டேன்."

"கொறைக்கல. ஒரு வேளகூட விடல."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவசரப் பிரிவு மருத்துவரும் அதையேதான் கேட்டார். வார்டு நர்ஸும் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் அத்தையும் கேட்டார், அழுதுகொண்டே. "நான் சொன்னேன்னுதான் செஞ்சியா தாயி? நான் என்னத்தக் கண்டேன்? ஒரு பேச்சுக்குத்தான சொன்னேன்." நான் ஒழுங்காக மாத்திரை போட்டேன் என்று சொல்லச் சொல்ல, தவறு செய்து மறைப்பவளைப்போல என் குரலே எனக்குக் கேட்டது. விழுந்த வலியைவிட அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாளே மூவரும் மாட்டுங்கா போனோம். நரம்பியல் மருத்துவர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஐம்பது வயதைத் தாண்டியவர். அவரும் முதலில் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் என் பதிலைக் கேட்டதும் மேலே துருவவில்லை. மருந்தின் அளவைப் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை எடுத்த அளவு அவரிடம் இருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனோம்.

"பழைய அளவுல பாதிகூட இல்ல" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அவளைப் பார்க்காதேங்கோ" என்றார் மருத்துவர். "அவ ஒழுங்காத்தான் போட்டுண்டிருக்கா. அவளோட லிவர்தான் மருந்தைச் சீக்கிரமா வெளில அனுப்பிடறது."

அத்தை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "புரியும்படியாச் சொல்லுங்கம்மா."

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இந்த மருந்து தண்ணில லேசுல கரையாது மாமி. அப்படியே விட்டா ரத்தத்துல சுத்திண்டே இருக்கும், மூத்திரத்துல போகாது. அதனால லிவர் ஒரு வேலை பண்றது. சர்க்கரைலேர்ந்து வர ஒரு வஸ்துவை எடுத்து மருந்தோட ஒட்டி வச்சுடறது. ஒட்டிட்டா மருந்து தண்ணில கரையும், கிட்னி வெளில தள்ளிடும். ஒட்டறதுக்குன்னே லிவர்ல என்சைம் இருக்கு. சாதாரணமா அது நிதானமா ஒட்டிண்டிருக்கும். அந்தக் கணக்குக்குத்தான் நாம மாத்திரை குடுக்கறோம். கர்ப்பம் ஆனா உடம்புல ஈஸ்ட்ரோஜன் ஏறறது. அது இந்த என்சைமை அதிகமாக்கிடும். காலைல போட்ட மாத்திரைல பாதி, மூளைக்குப் பிரயோஜனப்படறதுக்குள்ள வெளில போயிடறது. எல்லாருக்கும் இவ்வளவு வேகமாப் போகாது. இவளுக்குப் போறது."

"அப்ப என்ன செய்யணும்?"

"கூட்டணும்."

அத்தை லேபர் கேம்பின் எதிர்வீட்டுக் குழந்தையைப் பற்றிச் சொன்னார். மருத்துவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "அது வேற மருந்தா இருந்திருக்கும் மாமி. அந்த மருந்தைக் குழந்தை பெத்துக்கற வயசுல நாங்க இப்ப முடிஞ்சவரை குடுக்கறதில்ல. இதுல அந்த பயம் ரொம்பக் குறைச்சல். பாலத்துல விழுந்தாளே, அந்த மாதிரி இன்னொரு தடவை விழுந்தா? அதுதான் குழந்தைக்கு ஆபத்து."

வெளியே வந்ததும் என் கணவர் என் பையை வாங்கிக்கொண்டார். பிளாட்பாரத்தில் நின்றபோது, "நான் நம்பியிருக்கணும்" என்றார். ரயில் வந்துவிட்டது. ஏறிக்கொண்டோம். என் உடம்பு என்னிடம் சொல்லாமலே எனக்கெதிராக ஒரு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது, அதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அதைப் பற்றி நிறையப் படித்தேன், அழைப்புகளுக்கு இடையில் போனில். மருத்துவர் சொன்ன ஒட்டும் என்சைம்களை இணைப்பு நொதிகள் என்கிறார்கள். அவற்றில் பல வகைகள். மருந்தோடு சர்க்கரை அமிலத்தை ஒட்டுபவை, கந்தகச் சேர்மத்தை ஒட்டுபவை, இன்னும் வேறு சில. உடம்புக்குத் தேவையில்லாதது எதுவானாலும் அதன் முதுகில் ஒரு சுமையைக் கட்டி வாசலுக்கு வெளியே விடுவதுதான் அவற்றின் வேலை. அவற்றுக்கு வலிப்பு மருந்தும் விஷமும் ஒன்றுதான். அந்த மருந்து என்னைக் காக்கிறது என்று என் கல்லீரலுக்கு யார் சொல்வது?

மாதந்தோறும் ரத்தம் எடுத்தோம். ஒவ்வொரு முறையும் அளவு இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் மாத்திரை கூடியது. துரத்திக்கொண்டே ஓடுவதைப்போல இருந்தது, நாங்கள் ஒரு படி ஏறினால் கல்லீரலும் ஒரு படி ஏறிவிடும். அலுவலகத்தில் சொல்லி வீட்டிலிருந்தே அழைப்புகள் எடுக்க அனுமதி வாங்கினேன். குர்லா பாலத்தை அதன்பிறகு நான் தனியாக ஏறவில்லை.

ஒவ்வொரு முறை மாத்திரை கூடும்போதும் அத்தையின் முகம் சுருங்கும். அதுவும் ஒருநாள் மாறியது. ஆறாம் மாதம். காலையில் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், அத்தை பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் எதுவும் ஞாபகம் இல்லை, அவர் சொன்னதுதான். நான் பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினேனாம். கண் திறந்திருந்ததாம். இடது கை துப்பட்டாவின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டே இருக்க, வலது கை அப்படியே தோசைக்கல்லை நோக்கிப் போனதாம். அவர் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருக்கிறார். கல்லில் அவர் விரல்கள்தான் பட்டன.

எனக்கு நினைவு வந்தபோது அவர் ஒரு கையால் என்னை அணைத்துக்கொண்டு, கொப்புளம் வந்த கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார்.

"என் பக்கத்துலதான் நின்ன. என்னயப் பாத்துக்கிட்டுதான் நின்ன. ஆனா நீ அங்கன இல்ல" என்றார். "போதும். டாக்டர் எவ்வளவு சொல்லுதாவளோ அவ்வளவு போடு. இனி நானே எடுத்துத் தாரேன்."

அன்றிலிருந்து வேளை தவறாமல் மாத்திரையும் தண்ணீரும் என் கைக்கு வந்தன. நான் விழுங்கும்வரை எதிரில் நிற்பார். நான் தூங்கிவிட்டாலும் எழுப்பிவிடுவார். மருந்தின் அளவு ஒருவழியாக நிலைத்தது. பிரசவம்வரை வலிப்பு வரவில்லை. ஒன்பதாம் மாதத்தில் வரும்போது பிரசவத்துக்குப் பிறகு மாத்திரை எவ்வளவு என்று எழுதித் தருகிறேன் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லியிருந்தார்.

அதற்கு முன்பே, ஒரு மதிய வேளையில், அழைப்பு ஒன்றின் நடுவில் பனிக்குடம் உடைந்தது. செம்பூரிலேயே பிரசவம். பெண் குழந்தை, கொஞ்சம் எடை குறைவு. ஆனால் கத்தினாள். வார்டில் இருந்த பயிற்சி மருத்துவரிடம் என் வலிப்பு மருந்தைப் பற்றிக் கேட்டேன். "அதை நிறுத்தவே கூடாது, அப்படியே எடுங்க" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கையில் குழந்தை இருக்கும்போது வலிப்பு வந்தால் என்ற ஒரே நினைப்புத்தான். நரம்பியல் மருத்துவரை அழைக்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தோம். அத்தை வேளை தவறாமல் மாத்திரைகளைக் கொடுத்தார், கர்ப்பத்தின் கடைசி மாதத்து அளவில்.

சில நாட்களில் எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த நாள் நடந்தால் தரை சாய்ந்தது. சாப்பிட்டது நிற்கவில்லை. குழந்தை நன்றாகத் தூங்கினாள். மிகவும் நன்றாக. பாலுக்கு எழுப்பினால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் தூங்கிவிடுவாள். முகம் மஞ்சளாக இருந்தது. "பச்சப்பிள்ளைக்கு மஞ்சள் வாரதுதான், காலை வெயில் காட்டினா சரியாப் போவும்" என்று அத்தை ஜன்னலோரம் எடுத்துப் போனார்.

நான் எழுந்து அவர் பின்னால் போனேன். ஜன்னலருகில் இரண்டு அத்தைகள் நின்றார்கள். இருவர் கையிலும் ஒவ்வொரு குழந்தை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், இரண்டாகவே தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினேன். போனை எடுத்து, எந்த எண்ணை அழுத்துகிறேன் என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, மாட்டுங்காவுக்கு அழைத்தேன். உதவியாளர் எடுத்தாள். "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு டாக்டர் கிட்ட சொல்லுங்க" என்றேன். சில நிமிடங்களில் மருத்துவரே கூப்பிட்டார்.

"குழந்தை பொறந்துடுத்தா? எப்போ?"

சொன்னேன்.

"மாத்திரை எவ்வளவு போட்டுக்கறே?"

சொன்னேன்.

"கர்ப்பத்துல இருந்த அதே அளவா? இன்னிக்குக் காலைலயும் போட்டுண்டியா?"

"போட்டேன்."

"கேளு. பிரசவம் ஆனதும் உன் லிவர் பழையபடி நிதானத்துக்கு வந்துடுத்து. மருந்து மட்டும் அதே அளவுல உள்ள போயிண்டிருக்கு. வெளில போகாம ஏறிண்டே இருக்கு, அதான் ரெண்டாத் தெரியறது. குழந்தை எப்படி இருக்கா? பால் குடிக்கறாளா?"

"தூங்கிட்டே இருக்கா. மஞ்சளா இருக்கா."

"உடனே கிளம்பு. குழந்தையையும் எடுத்துண்டு. நீ பெத்துண்ட ஆஸ்பத்திரிக்கே போ, நான் அங்க பேசறேன். பால் குடுக்காதே இப்போ."

கணவரை அழைத்தேன். எடுக்கவில்லை. எங்கோ ஒரு லிஃப்ட் குழிக்குள் இருந்திருப்பார். அத்தையிடம் சொன்னபோது அவர் கேள்வி கேட்கவில்லை. குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். ஆட்டோவில் என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அத்தை குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டிக்கொண்டே வந்தார். "முழிச்சிக்க மக்கா. ஒரு தடவ அழு. ஒரே ஒரு தடவ." குழந்தை முகத்தைச் சுளித்தாள், அழவில்லை. சிக்னலில் ஆட்டோ நின்றபோது, "பையா, பச்சி அழ மாட்டேங்குது, ஜல்தி சலோ" என்று அத்தை தமிழும் ஹிந்தியுமாகக் கத்தினார். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் எந்த சிக்னலிலும் நிற்கவில்லை.

மருத்துவமனையில் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். என்னை ஒரு சக்கர நாற்காலியில் உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாக, மஞ்சளுக்கு வைக்கும் நீல வெளிச்சம் தெரிந்தது. அதன் கீழே கண்களில் சின்னப் பட்டை கட்டி, டயப்பர் மட்டும் போட்டு அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு மார்புகள் தெரிந்தன. இரண்டும் ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குழந்தை மருத்துவர் இளைஞர், மராட்டிக்காரர். ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னார். பழைய ரத்த அணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் பொருளையும் கல்லீரல் இதே மாதிரி எதையோ ஒட்டித்தான் வெளியேற்ற வேண்டும். பிறந்த குழந்தையின் கல்லீரலில் ஒட்டும் நொதிகள் இன்னும் சரியாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அதனால்தான் பல குழந்தைகளுக்கு மஞ்சள் வருகிறது. இவளுக்கு மஞ்சளோடு பால் வழியாக என் மருந்தும் போயிருக்கிறது. அதையும் அவளால் வேகமாக வெளியேற்ற முடியாது. எது எவ்வளவு தூரம் இவளைத் தூங்க வைத்தது என்று இப்போது சொல்ல முடியாது, ரத்த முடிவு வரட்டும் என்றார்.

அத்தை என்னிடம், "என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார். தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் நடைபாதைச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான குடுத்தேன். வேளா வேளைக்கு என் கையாலதான குடுத்தேன்."

"டாக்டர் சொன்ன அளவுதான் அத்த. நிறுத்தக் கூடாதுன்னுதான் ஆஸ்பத்திரியிலயும் சொன்னாங்க. நான்தான் முழுங்குனேன்."

"கொறைக்கச் சொன்னப்பவும் தப்பு. கூட்டிக் குடுத்தப்பவும் தப்பு. நான் என்னத்தத்தான் செய்ய?"

நாற்காலியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியுமா என்று தெரியாமல்தான் இறங்கினேன். என் கணவர் வந்து பார்த்தபோது நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மாத்திரையைக் குறைத்தார்கள். ஒரேயடியாக அல்ல, படிப்படியாக. திடீரென்று இறக்கினால் வலிப்பு வரலாம். குறைத்த ஒவ்வொரு வேளையும் ரப்பர் வாசனை வருகிறதா என்று காற்றை முகர்ந்துகொண்டே இருந்தேன். மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. பாலைப் பிழிந்து வாஷ்பேசினில் ஊற்றினேன். அத்தை தண்ணீரைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். குழந்தைக்கு வேறு பாலைச் சின்னக் கிண்ணத்தில் ஊட்டினார்கள்.

மூன்றாம் நாள் காலை நான் வெளியே பெஞ்சில் இருந்தபோது உள்ளேயிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. அங்கே வேறு குழந்தைகளும் இருந்தன. யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை எழுந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். "நம்ம பிள்ளதான்" என்றார். நர்ஸ் வெளியே வந்து, பசிக்கிறது அவளுக்கு, கோபத்தைப் பாருங்கள் என்று சிரித்தாள். அத்தை அப்போதுதான் சத்தம் போட்டு அழுதார்.

மஞ்சள் இறங்கியது. என் பார்வை ஒன்றானது. என் ரத்தத்தில் மருந்து குறைந்ததும் மறுபடியும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றார்கள். முதலில் கொஞ்சமாக, குழந்தையைக் கவனித்துக்கொண்டே. அவள் ஒருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அடுத்த முறை பிடித்துக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்து மகப்பேறு மருத்துவரிடம் என்னைக் காட்டிக்கொள்ளப் போனேன். தையல் ஆறிவிட்டது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேண்டுமல்லவா என்று கேட்டுவிட்டு, இன்னும் சில மாதம் போனபிறகு தொடங்குவதற்கு என்று ஒரு கருத்தடை மாத்திரையைச் சொன்னார். வெளியே வரிசை நீண்டிருந்தது. அவர் அடுத்தவரைக் கூப்பிட மணியில் கை வைத்தார்.

"டாக்டர், அதுல ஈஸ்ட்ரோஜன் இருக்கா?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

"இருக்கு. ஏன்?"

என் வலிப்பு மருந்தைச் சொன்னேன். ஈஸ்ட்ரோஜன் ஏறினால் என் கல்லீரல் அந்த மருந்தை என்ன செய்யும் என்று சொன்னேன். அவர் மணியிலிருந்து கையை எடுத்தார். கணினியில் எதையோ பார்த்தார். பிறகு மாட்டுங்கா மருத்துவரின் எண்ணைக் கேட்டு வாங்கி, என் முன்னாலேயே பேசினார். வைத்துவிட்டு, "நீங்க கேட்டது சரிதான். இந்த மாத்திரை உங்களுக்கு வேண்டாம். வியாழக்கிழமை வாங்க, காப்பர்-டி போட்டுடலாம். அதுல ஹார்மோன் கிடையாது" என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கேட்காமல் வந்திருந்தால், சில மாதங்கள் கழித்து வேலைக்குத் திரும்பியிருப்பேன். லோகலில், கூட்டத்தில், ஒருவேளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு. மருந்து சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்திருக்கும், யாருக்கும் தெரியாமல்.

"என்னாச்சு? ஏன் முகம் இப்படி இருக்கு?" என்று என் கணவர் குழந்தையோடு எழுந்து வந்தார், பின்னாலேயே அத்தையும்.

"ஒண்ணுமில்ல. வியாழக்கிழம மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க."

"வியாழன் எனக்குக் காட்கோபர்ல வேல இருக்கே."

"நான் கூட்டிட்டு வாரேன்" என்றார் அத்தை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "எதுக்கு வரச் சொல்லுதாவ, எந்த மருந்து, எதுக்குக் குடுக்காவன்னு எனக்குப் பைய வெளக்கமாச் சொல்லு. வீட்டுக்குப் போறதுக்குள்ள சொல்லி முடி. எனக்கும் தெரியணும்."

ஆட்டோவில் ஏறினோம். நான் சொல்லத் தொடங்கினேன்.